பிள்ளைகளைக் காத்த சுப்பாராவ்

பெரம்பூரில் ரயில் ஏறினால் வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ், அப்புறம் சென்ட்ரல். எதிரே பெரிய ஆஸ்பத்திரி. அதை ஒட்டி சென்னை மருத்துவக் கல்லூரி. சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் ஏழை மாணவர் படித்தார். ரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகள் இன்று விழுங்கும் சிறு மஞ்சள் மாத்திரைக்கு வழி திறந்தவர் அவர்தான். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

மூன்றாம் முறை வெற்றி

ஆந்திராவில் பீமவரம் என்ற ஊரில் 1895-ம் ஆண்டு பிறந்தார். மெட்ரிக் பரீட்சையில் இரண்டு முறை தோற்றார். சென்னைக்கு வந்து மூன்றாம் முறை தேறினார். மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தினார். அது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

சகோதரர் இருவர் ஸ்ப்ரூ என்ற வயிற்று நோயால் அடுத்தடுத்து இறந்தனர். அந்தத் துயரம் அவரை விடவில்லை. அமெரிக்கா சென்று ஹார்வர்டில் சேர்ந்தார். வயிற்றுப் பாட்டுக்காக ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலசலப் பாத்திரம் எடுத்தார். பகலில் ஆராய்ச்சி; இரவில் கூலி வேலை!

பொய்ச் சாவி

1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். கீரையில் உள்ள போலிக் அமிலம் என்ற சத்தை அவருடைய குழு செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோய்க்கு அது மருந்தாயிற்று.

ரத்தப் புற்றுநோயில், முதிராத வெள்ளை அணுக்கள் அளவின்றிப் பெருகும். பெருகுவதற்குப் போலிக் அமிலம் தேவை. அந்தச் சத்தைப் போலவே தோற்றம் உள்ள பொய்ச் சரக்கைச் சுப்பாராவ் குழுவினர் செய்தனர். பொய்ச் சாவி பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காது. நோய் அணுவும் பெருக முடியாமல் சாகும்.

பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி பார்பர் அதை 16 பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. சில மாதங்களே அந்தச் சுகம் நீடித்தது. ஆனால் அதுவரை மருந்தே இல்லாத நோய் அது! இந்தச் செய்தி 1948 ஜூனில் வெளியாயிற்று. ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். வயது 53. தாய்நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை.

வீட்டார் கவனிக்க வேண்டியது

அந்த வழியில் வந்ததே மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. மற்ற மருந்துகளுடன் சேர்ந்து அது பிள்ளைகளைக் காக்கிறது. நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில், பிள்ளைகளிடம் அதிகம் காணும் வகை ரத்தப் புற்றுநோய் 10 பேரில் 9 பேருக்குத் தீர்கிறது.

வீட்டில் தரும் காலத்தில் இந்த மாத்திரை பெரும்பாலும் வாரம் ஒரு நாள் மட்டுமே. தினமும் கொடுத்தால் ஆபத்து. கிழமையைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பிள்ளை வெளுத்திருக்கிறதே என்று ரத்த டானிக் வாங்கித் தராதீர்கள். அதில் போலிக் அமிலம் இருக்கும். மருந்தின் வேலையைக் கெடுக்கலாம். டாக்டரைக் கேளுங்கள். வீட்டில் சமைத்த கீரைக்குப் பயம் வேண்டாம்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

முகம் தெளிந்துவிட்டது என்று சிகிச்சையைப் பாதியில் விடாதீர்கள். சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நடக்கும். இடையில் நிறுத்தினால், ஒளிந்திருக்கும் நோய் மீண்டும் தலைதூக்கும்.

இரண்டு முறை தோற்றவர் மூன்றாம் முறை எழுதினார். அந்தப் பொறுமைதான் பெற்றோருக்கும் வேண்டும்.