கப்பல் தலைவர் முல்லா



மகேந்திரநாத் முல்லா 1926-ஆம் ஆண்டு கோரக்பூரில் பிறந்து, 1948-இல் இந்தியக் கடற்படையில் அதிகாரியானவர். 1971-ஆம் ஆண்டு யுத்தத்தில் குக்ரி என்னும் போர்க்கப்பலுக்குத் தலைவராயிருந்தார். டிசம்பர் 9-ஆந் தேதி இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக் கடலில், பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பல் ஏவிய டார்பிடோவால் குக்ரி சில நிமிஷங்களில் மூழ்கிற்று. எல்லோரும் வெளியேறும்படி கட்டளையிட்ட முல்லா, தமது உயிர்காப்பு அங்கியை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுத் தாம் கப்பலிலேயே நின்றுவிட்டார் என்று பிழைத்தவர்கள் சாட்சி சொன்னார்கள். அவர் உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். மகாவீர் சக்கர விருது அவருக்கு அளிக்கப்பட்டது.

அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் சிலுவையடியில் நாம் கற்கும் பாடத்தைச் செய்து காட்டினார். கடலில்லாத வேப்பனப்பள்ளியிலும் தலைவர்கள் உண்டு: தகப்பன், தாய், மூத்த பிள்ளை, மேஸ்திரி. ஆபத்து வரும்போது நம்மை நம்பியிருப்பவர்களை முதலில் கரையேற்றுவோமாக.