பம்பாய் வாக்காளர்கள் எடை போட்ட ராணுவ மந்திரி

1961-ம் ஆண்டு டிசம்பர் 17-ந்தேதி நள்ளிரவில் இந்திய ராணுவம் கோவா எல்லையைத் தாண்டியது. 19-ந்தேதி இரவு போர்ச்சுக்கீசிய கவர்னர் ஜெனரல் சரண் அடைந்தார். சுமார் 450 ஆண்டு அன்னிய ஆட்சி இரண்டே நாளில் முடிந்தது.

அப்போது ராணுவ மந்திரி, வி.கே.கிருஷ்ண மேனன். இரண்டு மாதத்தில் பொதுத்தேர்தல் வந்தது. வடக்கு பம்பாய் தொகுதியில் அவர் மீண்டும் நின்றார். கோவாவுக்குப் படையை அனுப்பியது சரியா, தவறா என்பது அந்தத் தேர்தலில் பெரிய பேச்சாக இருந்தது.

கோழிக்கோட்டில் 1896-ல் பிறந்தவர் மேனன். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். அன்னி பெசன்ட் அம்மையாரின் இயக்கத்தில் சேர்ந்து, 1924-ல் லண்டன் போனார். இந்திய விடுதலைக்கு அங்கே ஆதரவு திரட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேநீரும் பன்னுமே பெரும்பாலும் சாப்பாடு. 1947-ல் லண்டனில் இந்திய ஹைகமிஷனர் ஆனார். ராணுவத்துக்கு ஜீப் வாங்கியதில் ஊழல் என்ற புகார் அந்தக் காலத்தில்தான் கிளம்பியது.

1957 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் காஷ்மீர் பற்றி ஏறத்தாழ 8 மணி நேரம் பேசி, மயங்கி விழுந்தார். நாடெங்கும் பெயர் பரவியது. அதே ஆண்டு பம்பாய் அவரை பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. ஏப்ரலில் ராணுவ இலாகா கைக்கு வந்தது.

கோவா விஷயத்தில் நேரு 14 ஆண்டுகள் தயங்கினார். புதுச்சேரியை பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் பேசித் தீர்த்துக் கொடுத்துவிட்டார்கள். போர்ச்சுகல் சர்வாதிகாரி சலாசரோ பேசவே மறுத்தார். 1955 ஆகஸ்டு 15-ந்தேதி, ஆயுதம் இல்லாமல் கோவாவுக்குள் நுழைந்த சத்தியாகிரகிகள் மீது குண்டு பாய்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். படையை அனுப்பியே தீரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்களில் முதல் ஆள் மேனன்.

ஊருக்கு அகிம்சை சொன்ன இந்தியாவே துப்பாக்கி தூக்கலாமா என்று மேல் நாடுகள் கேட்டன. தேர்தலுக்காக நடத்திய போர் என்றும் ஏசின. தேர்தலுக்காக மட்டும் என்பது நியாயம் ஆகாது. தேர்தலுக்கு உதவவில்லை என்பதும் பொய்.

மேனனை எதிர்த்து நின்றவர் லேசானவர் அல்ல. காங்கிரஸ் தலைவராக இருந்த ஆச்சார்ய கிருபளானி. மேனன் ராணுவத்துக்குள் கோஷ்டி வளர்க்கிறார், சீன எல்லையைக் கவனிக்கவில்லை என்று 1961-லேயே பாராளுமன்றத்தில் குற்றம் சாட்டியவர் அவர். பம்பாயில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. மேனனுக்காக நேரு வந்தார். நடிகர் திலீப்குமாரும் ஓட்டுக் கேட்டார். ஏறத்தாழ 1 லட்சத்து 45 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் மேனன் வென்றார்.

எட்டு மாதம்கூட நிலைக்கவில்லை. 1962 அக்டோபர் 20-ந்தேதி சீனப்படை பாய்ந்தது. பனிமலையில் நம் ஜவான்களுக்குப் போதிய கம்பளி உடுப்பு இல்லை. கையில் பழைய துப்பாக்கி. கிருபளானி எச்சரித்தது கண்ணெதிரே நடந்தது. காங்கிரஸ் உறுப்பினர்களே போர்க்கொடி தூக்கினார்கள். அக்டோபர் 31-ல் ராணுவ இலாகா பறிபோனது. நவம்பர் 7-ல் ராஜினாமா.

எல்லைக் காவல் நிலையங்களை முன்னே நகர்த்தும் முடிவு மேனன் ஒருவருடையது அல்ல. நேருவுக்கும் தளபதிகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆயுதத்துக்குக் கேட்ட பணத்தை நிதி இலாகா தரவில்லை என்று மேனனின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். ஆவடி டாங்கித் தொழிற்சாலை அவர் காலத்தில் தொடங்கியதுதான். பெங்களூரில் செய்த மாருத் விமானம் 1961-ல் முதன்முதலாகப் பறந்தது; 1971 போரில் குண்டு வீசியது. ஆனாலும் ஆபத்து பாகிஸ்தானிடம் இருந்துதான் வரும் என்று சீனாவை எடை குறைத்துப் போட்டாரே, அந்தப் பிழையை யார் தலையிலும் கட்ட முடியாது.

இந்தக் கணக்கைத் தீர்க்க பம்பாய்க்கு 1967-ல் மறுபடி வாய்ப்பு வந்தது. மராட்டியக்காரர் அல்ல என்ற காரணத்தைக் காட்டி காங்கிரஸ் அவருக்கு டிக்கெட் தரவில்லை. கட்சியை விட்டு விலகி, வடகிழக்கு பம்பாயில் சுயேச்சையாக நின்றார். முந்தைய ஆண்டில் பிறந்த சிவசேனை, காங்கிரஸ் வேட்பாளர் பார்வேயை ஆதரித்தது. மேனனை மதராசி என்றது. மலையாளி, தமிழன், தெலுங்கன் எல்லாருக்கும் இங்கே அந்த ஒரே பெயர்தானே! கோவாவும் பேசப்படவில்லை; சீனாவும் பேசப்படவில்லை. பிறந்த ஊர்தான் பேசப்பட்டது. ஏறத்தாழ 13 ஆயிரம் ஓட்டில் மேனன் தோற்றார். சில நாட்களில் பார்வே காலமானார். இடைத்தேர்தலில் பார்வேயின் சகோதரி நின்றார். அதிலும் மேனனுக்குத் தோல்வி.

1969-ல் வங்காளத்தின் மிதுனாபூரும், 1971-ல் திருவனந்தபுரமும் அவரை பாராளுமன்றத்துக்கு அனுப்பின. 1974 அக்டோபர் 6-ந்தேதி டெல்லியில் காலமானார்.

சீனப் போர் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ், பகத் என்ற இரு அதிகாரிகளின் அறிக்கை 1963-லேயே அரசின் கைக்கு வந்தது. அது ராணுவத்தின் நடவடிக்கைகளைத்தான் ஆராய்ந்தது; மந்திரிகளின் முடிவுகளை அல்ல. 2014-ல் அதன் ஒரு பகுதியை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் வெளியிட்டார். அரசு இன்னும் வெளியிடவில்லை.