ருக்மிணி தேவி: எளிமையைத் தெரிந்தெடுத்த அம்மையார்

எமது பாடசாலையின் நடன அறைச் சுவரில் ஒரு படம் இருந்தது. ஏதோ ஒரு சஞ்சிகையில் இருந்து வெட்டி, அட்டையில் ஒட்டி, கண்ணாடி போடாமல் மாட்டிய படம். மழைக்காலத்தில் அதன் ஓரங்கள் சுருண்டுகொள்ளும். வெயில் எறித்த நாளில் ஆசிரியை அதை நீவி விடுவார். நரைத்த கூந்தலைக் கொண்டையாக முடிந்து, அகலக் கரை வைத்த சேலை உடுத்தி, நிமிர்ந்து அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியின் படம் அது. அடவு பிழைத்தவர்கள் அவர் முன்னால் நின்று நூறு தட்டடவு போட வேண்டும் என்பது வகுப்பின் சட்டம். ஆகவே எம்மில் பலர் ருக்மிணி தேவி அருண்டேலை முதன்முதலில் அறிந்தது கால் வலியோடுதான்.

வலி மறந்த பிறகு நாம் அந்தச் சேலையைப் பார்க்கத் தொடங்கினோம். மினுக்கம் இல்லை, பூவேலை இல்லை. ஆனாலும் கண் அதை விட்டு நகராது. அப்படி ஒரு சேலை எங்கே கிடைக்கும், என்ன விலை இருக்கும் என்று வட்டகொடை ரயில் நிலைய வாங்கில் அமர்ந்து நாம் பேசாத நாள் குறைவு. நூற்றாண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு கேட்கப்பட்டபோது, அந்தப் படமே எம் முன்னால் வந்து நின்றது.

ருக்மிணி தேவி 1904ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் திகதி மதுரையில் பிறந்தார். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நாள் அது. தம் நீண்ட வாழ்வில் அவர் கண்ட அசல் பிறந்தநாட்கள் இருபதே. தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியியலாளர். தாய் சேஷம்மாள் திருவையாற்றைச் சேர்ந்தவர், சங்கீத ஈடுபாடு உள்ளவர். தந்தை பிரம்மஞான சபையில் சேர்ந்ததால் குடும்பம் சென்னை அடையாற்றுக்கு வந்தது. 1880இல் இலங்கைக்கு வந்து பௌத்த பாடசாலைகளுக்கு வித்திட்டவர் என நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்த கேணல் ஒல்கொட் நிறுவிய சபைதான் அது.

அடையாற்றில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நிழலில் வளர்ந்த ருக்மிணி, 1920இல், பதினாறு வயதில், ஆங்கிலேயரான ஜோர்ஜ் அருண்டேலை மணந்தார். அவருக்கோ வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. சென்னையின் ஆசாரமான குடும்பங்கள் கொதித்தன, பத்திரிகைகள் எழுதின. அந்த அமளியிலும் அவர் தம் போக்கில் நடந்தார். கணவருடன் பல நாடுகள் சென்றார். எங்கு சென்றாலும் அந்த நாட்டு நாகரிகத்தை உற்றுக் கவனித்தார், உடுத்தியது சேலை.

இந்த இடத்தில் எமது நாட்டோடு தொடர்புள்ள இன்னொருவரையும் நினைக்க வேண்டும். இலங்கையில் கனிப்பொருள் ஆய்வுப் பணியில் இருந்த ஆனந்த குமாரசுவாமி, இங்குள்ளவர்கள் மேனாட்டு உடையை யோசியாமல் போர்த்திக்கொள்வதைக் கண்டித்து 1905இலேயே சிறு நூல் ஒன்றைக் கண்டியில் வெளியிட்டார். பின்னர் 1917இல் அபிநய தர்ப்பணத்தை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. நமது கைவினையில் உள்ள அழகை நாமே காணத் தவறுகிறோம் என்ற கவலை அக்காலத்தில் கடலின் இரு கரையிலும் இருந்தது. குமாரசுவாமி அதை எழுத்தில் சொன்னார். ருக்மிணி தேவி அதைத் தறியிலும் மேடையிலும் செய்து காட்டினார்.

அவரை நடனத்துக்குத் திருப்பியவர் ரஷ்ய நாட்டு நர்த்தகி அன்னா பாவ்லோவா. 1928இல் பம்பாயில் அவருடைய நடனத்தைக் கண்ட ருக்மிணி தேவி, அவுஸ்திரேலியா சென்ற கப்பலில் அவரோடு நெருங்கிப் பழகினார். பலே நடனமும் பயின்றார். உங்கள் நாட்டுக் கலையைத் தேடிப் பாருங்கள் என்ற கருத்தை மனத்தில் போட்டவரும் பாவ்லோவாதான். 1930களின் முற்பகுதியில் சென்னை மியூசிக் அகடமியில் சதிர் ஆட்டத்தைக் கண்டபோது அவர் தேடியது கிடைத்தது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். முப்பது வயதுக்குப் பின் அரைமண்டியில் உட்காரத் தொடங்கிய அவர், 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் அடையாற்றில் ஆடினார். 1936 ஜனவரி 6ஆம் திகதி, பின்னாளில் கலாக்ஷேத்திரா எனப் பெயர் பெற்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

மேடை ஏறுவதற்கு முன்பே உடையைப் பற்றிய கேள்வி எழுந்தது. அதுவரை சதிர் ஆடியவர்கள் காற்சட்டை போன்ற ஒன்றின் மேல் கனத்த சேலையைக் கட்டி ஆடினர். அந்தக் கனத்தில் அரைமண்டியின் கோடு மறைந்தது. ருக்மிணி தேவி கோயில் சிற்பங்களைப் பார்த்தார். இத்தாலியப் பெண்மணி ஒருவரின் உதவியுடன், முழங்காலை விரித்தால் விசிறியாக விரியும் மடிப்புகளோடு தைத்த உடையை வகுத்தார். நகைகளையும் சிற்பத்தின் வழியிலேயே தெரிந்தார். நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, ஒட்டியாணம் என்று நாம் கலைவிழாவில் அடையாளம் கண்டு மகிழும் அணிகள் கோயிலுக்கு உரியவை. நாகர்கோவிலை அடுத்த வடசேரியின் கைவினைஞர் பரம்பரையாகச் செய்து வந்தவை. மேடையில் அவை நிறையவே இருக்கும். ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் ஒரு காரணமும் உண்டு. காரணம் இல்லாத பளபளப்பை அவர் மேடையில் ஏற்றவில்லை.

தமக்கு வேண்டிய துணி கடையில் கிடைக்காதபோது அவர் தறியையே கொண்டுவந்தார். 1937இல் கலாக்ஷேத்திராவில் நெசவுப் பிரிவு தொடங்கியது. பழைய சேலைகளில் இருந்த ருத்ராட்சம், மயில்கண், கோபுரம் போன்ற கரை வேலைப்பாடுகள் அங்கே மறுபடி தறி ஏறின. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருமிடத்தில் ஊடு நூலை ஒவ்வொரு வரியிலும் கோத்துக் கோத்து நெய்ய வேண்டும். இதற்குக் கோர்வை என்று பெயர். மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளி ஒருவரால் முடியாது, பக்கத்தில் இன்னொருவர் உதவ வேண்டும். பார்ப்பவருக்குத் தெரிவது இரண்டே நிறம். அந்த இரண்டு நிறத்துக்குப் பின்னால் நான்கு கைகளின் உழைப்பு இருக்கிறது.

அந்தச் சேலைகள் விரைவிலேயே நாடு கடந்து விரும்பப்பட்டன. இன்று அகலக் கரை கண்ட சேலைக்கெல்லாம் கலாக்ஷேத்திரா சேலை என்று பெயர் சூட்டிக் கடைகளில் விற்கிறார்கள். பெயரை எளிதாக எடுத்துக்கொள்ளலாம்; தெரிவு செய்யும் கண்ணை எடுத்துக்கொள்ள முடியாது. எது வேண்டாம் என்று விடத் தெரிந்ததே அவரது அலங்காரத்தின் முதல் பாடம் என்று எமக்குத் தோன்றுகிறது.

ஆடையோடு அவர் நின்றுவிடவில்லை. 1944இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக அமைத்தார். டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார், பாபநாசம் சிவன் போன்ற மேதைகள் அங்கே கற்பித்தனர். 1945இல் கணவரை இழந்தார். 1952இல் இந்திய மாநிலங்களவைக்கு நியமனம் பெற்று, விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் மசோதாவைத் தனி உறுப்பினராகக் கொண்டுவந்தார். அந்த முயற்சியே 1960இன் சட்டத்துக்கு வழி திறந்தது. 1956இல் பத்மபூஷண் பெற்றார். 1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு பிரதமர் மொரார்ஜி தேசாய் கேட்டபோது மறுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர் அதை நகையிலும் சொன்னார், பதவியிலும் சொன்னார். 1986 பெப்ரவரி 24ஆம் திகதி, எண்பத்திரண்டு வயது நிறைய ஐந்து நாட்கள் இருக்கையில், மறைந்தார்.

அவரைப் போற்றும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் கற்ற கலை, தலைமுறை தலைமுறையாகத் தேவதாசிக் குலப் பெண்கள் காத்துவந்தது. அவர் மேடையேறிய காலத்தில் அப்பெண்கள் கோயிலையும் மேடையையும் இழந்துகொண்டிருந்தார்கள். சிருங்காரத்தை அவர் குறைத்ததை, அக்குலத்தில் வந்த மாமேதை பாலசரஸ்வதி ஏற்கவில்லை. நடனத்தைத் தூய்மைப்படுத்தினார் என்று சிலர் சொல்லும்போது, முன்பு அது அழுக்காகவா இருந்தது என்ற கேள்வி நியாயமானதே. அவருக்குக் கற்றுத் தந்த கௌரி அம்மாளின் பெயரைச் சொல்லாமல் அவர் பெயரை மட்டும் சொல்வது எமக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்றும் உண்டு. எளிமை அவருக்குத் தெரிவு. எமது பாட்டிமாருக்கு அது விதி. இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கூடைக் கயிறு மாட்டி மலையேறிய அவர்களிடம் மூக்குத்தி ஒன்றும் தோடு ஒரு சோடியும் இருந்தன. அந்தத் தோடும் பாடசாலை தொடங்கும் மாதத்தில் அடகுக்கடைக்குப் போய், சம்பள நாளுக்குப் பிறகு திரும்பி வரும். சில வேளை வராது. எம்மில் சிலரின் படிப்பு அந்தத் தோட்டில்தான் நடந்தது. ஆகவே எளிமையாக இருங்கள் என்று எமது பிள்ளைகளுக்கு உபதேசிக்க நாம் இதை எழுதவில்லை. நல்ல கைப்பைக்கும் அழகான காதணிக்கும் ஆசைப்படுவது குற்றமல்ல. ஆசைப்படும் பொருளை யார் செய்தார், எப்படிச் செய்தார் என்று ஒரு கணம் பார்க்கப் பழகுங்கள் என்றே சொல்கிறோம். கொழுந்து பறித்த கையை நினையாமல் தேநீர் குடிப்பவரைக் கண்டு வருந்தும் நாம், தறியில் இருந்த கையை நினையாமல் சேலை உடுத்தலாகாது.

கலாக்ஷேத்திராவில் மாணவிகள் பயிற்சிக்கு உடுத்துவது சாதாரணப் பருத்திச் சேலை. இலங்கையில் இருந்தும் பலர் சென்று அப்படி உடுத்திக் கற்றுத் திரும்பினார்கள். அவர்களிடம் கற்றவர்களுள் ஒருவரே, நானுஓயாவில் இருந்து ரயிலேறி வந்து எமக்குக் கற்றுத் தந்த ஆசிரியை. ஆனால் இன்று நடனம் என்றாலே செலவு என்றாகிவிட்டது. தமிழ்மொழித் தினப் போட்டிக்குத் தெரிவாகியும், வாடகை உடைக்கும் நகைக்கும் காசு இல்லாமல் பெயரை விலக்கிக்கொண்ட பிள்ளைகளை நாம் அறிவோம். அடவு சுத்தமாக இருந்தது; ஒட்டியாணம்தான் இல்லை.

எனவே இந்த நூற்றாண்டு ஆண்டில் எமது சங்கம் ஒரு சிறு காரியத்தை முன்வைக்கிறது. பாடசாலையின் நடன அறையில் ஓர் அலுமாரி. அதில் பல அளவுகளில் பருத்தியால் தைத்த நடன உடைகள், சில சோடிச் சலங்கைகள், பொதுவான நகைத் தொகுதிகள். எந்த மாணவியும் கையொப்பமிட்டு எடுத்துச் சென்று, ஆடி முடித்துத் திருப்பி வைக்கலாம். தைக்கத் தெரிந்தவர்கள் தையலையும், வசதியுள்ளவர்கள் துணியையும், இரண்டும் இல்லாதவர்கள் ஒரு சனிக்கிழமையையும் தந்தால் போதும்.

அலுமாரிக்கு மேலே பழைய படத்தை மறுபடி மாட்ட எண்ணியிருக்கிறோம். இம்முறை கண்ணாடி போட்டு.