மறதியை ஆராய்ந்த மருத்துவர்

- இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்

மறதி மனிதனுக்குக் கிடைத்த வரம் என்பார்கள். பட்ட துன்பத்தை மறந்துபோவதால்தான் மறுநாள் எழுந்து வேலைக்குப் போக முடிகிறது. ஆனால் பெற்ற பிள்ளையின் பெயரும், நாற்பது ஆண்டு குடியிருந்த வீட்டின் வழியும் மறந்துபோனால் அது வரமா? அது நோய். அந்நோயின் பெயராகவே உலகம் இன்று நாள்தோறும் உச்சரிப்பது ஒரு ஜெர்மானிய மருத்துவரின் பெயரை. அவர்தாம் அலாய்ஸ் அல்சைமர்.

அல்சைமர் நோய் என்று கேள்விப்படாதவர் இன்று குறைவு. அந்த மனிதரைப் பற்றி அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? அவருடைய வரலாற்றைப் படித்தபோது எனக்கு ஒரு வியப்பு ஏற்பட்டது. ஒரு நோய்க்குத் தம் பெயரைத் தந்த அவர், பல மூளை நோய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவதற்கே வாழ்நாளைச் செலவிட்டவர். அவரும் அவர் காலத்தவரும் பிரித்துக் காட்டிய நோய்கள் ஒரே மூளையில் கலந்தும் கிடக்கின்றன என்பதைப் பின்வந்த காலம் கண்டுகொண்டது.

பிறப்பும் படிப்பும்

அல்சைமர் 1864ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில், மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பத்திரப் பதிவு அதிகாரி. பெர்லின், டூபிங்கன், வூர்ட்ஸ்பர்க் ஆகிய இடங்களில் மருத்துவம் பயின்று 1887இல் பட்டம் பெற்றார். அவருடைய முதல் ஆய்வு மூளையைப் பற்றியதன்று. காதில் குறும்பி சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியது! ஆயினும் நுண்ணோக்கியின் மீது அவர் கொண்ட காதல் அப்போதே தொடங்கிவிட்டது.

1888இன் இறுதியில் பிராங்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்தவர் பிரான்ஸ் நிஸ்ல். நரம்பு உயிரணுக்களுக்குச் சாயமேற்றும் முறையைக் கண்டவர் இவர். நம் பாடநூல்களில் வரும் நிஸ்ல் துகள்கள் இவர் பெயரால் அமைந்தவையே. பகலெல்லாம் நோயாளிகளிடம், இரவெல்லாம் நுண்ணோக்கியிடம் என்று இரு நண்பர்களும் உழைத்தார்கள்.

பிரித்தறியும் கலை

அக்காலத்தில் அறிவு மங்கி வருபவர்களை எல்லாம் ஏறக்குறைய ஒரே கூட்டமாகவே பார்த்தார்கள். ஆனால் காரணங்கள் வேறு வேறாக இருந்தன. சிலருக்கு மேகநோய் மூளையைத் தாக்கியிருந்தது. சிலருக்கு மூளையின் இரத்தக் குழாய்கள் தடித்து இறுகி, இரத்தம் செல்லாமல் மூளை சிறுகச் சிறுக அழிந்திருந்தது. இந்த இரண்டாம் வகையை 1890களில் அல்சைமரும், ஓட்டோ பின்ஸ்வாங்கரும் தனித்து விளக்கினார்கள். மேகநோயால் வரும் மூளைச் சிதைவை நுண்ணோக்கியின் வழியே மற்றவற்றிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்பதை 1904இல் அல்சைமர் ஒரு பெரிய ஆய்வாகவே எழுதினார்.

ஆகுஸ்தே என்னும் பெண்

1901ஆம் ஆண்டு அவர் வாழ்வில் மறக்கவொண்ணாத ஆண்டு. அவ்வாண்டில் அன்பு மனைவி செசீலியை இழந்தார். மூன்று குழந்தைகளுடன் தனியே நின்ற அவர், துயரத்தை வேலையில் கரைத்தார். அதே ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் ஆகுஸ்தே என்ற பெண் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வயது 51தான். கணவர் இரயில்வேயில் எழுத்தர். முதலில் கணவர் மீது காரணமற்ற சந்தேகம், பிறகு மறதி, பிறகு தம் வீட்டுக்குள்ளேயே தடுமாற்றம். பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவார். தம்மையே தாம் தொலைத்துவிட்டதாக வருந்துவார்.

முதுமையில் வரும் மறதி இத்தனை இளமையில் வருவானேன்? அல்சைமர் அப்பெண்ணின் அருகில் அமர்ந்து, கேட்ட கேள்வியையும் கிடைத்த பதிலையும் விடாமல் எழுதி வைத்தார். 1903இல் எமில் கிரேப்பலினுடன் பணியாற்றப் போய், மூனிக் நகரில் நிலைகொண்ட பின்னும் அவரை மறக்கவில்லை. 1906 ஏப்ரல் 8ஆம் நாள் ஆகுஸ்தே இறந்தார். அவருடைய மூளையும் மருத்துவக் குறிப்புகளும் மூனிக்கிற்கு வந்தன.

வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது இரண்டு காட்சிகள் தெரிந்தன. நரம்பு உயிரணுக்களுக்கு வெளியே ஏதோ ஒரு பொருள் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. உயிரணுக்களுக்குள்ளே நூலிழைகள் சிக்கலாகத் திரண்டிருந்தன. பெரிய இரத்தக் குழாய்கள் தடித்திருந்ததையும் அவர் குறிக்கத் தவறவில்லை. 1906 நவம்பர் 3ஆம் நாள் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இவற்றை எடுத்துரைத்தார். அவையில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை!

பெயரும் ஐயமும்

1910இல் கிரேப்பலின் தம் பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயர் சூட்டினார். பெயர் நிலைத்தது. அல்சைமருக்கோ ஐயம் நீங்கவில்லை. மூனிக்கில் 56 வயதுக் கூலித் தொழிலாளி ஒருவர் அதே போன்ற மறதியால் வாடி 1910இல் இறந்தார். அவர் மூளையில் திட்டுகள் நிறைந்திருந்தன. நூல் சிக்கல்களோ இல்லை. அப்படியானால் இது தனி நோயா, முதுமை மறதியின் மற்றொரு வடிவமா? 1911இல் எழுதிய கட்டுரையில், இதைத் தனி நோய் என்று கொள்ளப் போதிய காரணமில்லை என்றே அல்சைமர் கருதினார். தம் பெயர் தாங்கிய நோயைத் தாமே ஐயுற்ற நேர்மையை என்னென்பது!

அதே கட்டுரையில், பிராக் நகரத்து ஆர்னால்டு பிக் முன்பு விவரித்த வகை நோயாளிகளின் நரம்பு உயிரணுக்களில் உருண்டைகளைக் கண்டதாகவும் எழுதினார். அவை இன்று பிக் உருண்டைகள் எனப்படுகின்றன. அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பிரெடரிக் லெவி, நடுக்கு நோயாளிகளின் மூளையில் வேறு வகை உருண்டைகளைக் கண்டு 1912இல் வெளியிட்டார். அவை லெவி உருண்டைகள். மறதி நோயின் பல முகங்கள் அந்த ஒரே ஆய்வுக்கூடத்தோடு தொடர்பு கொண்டவை என்பது எத்தனை வியப்பு! மாணவர் மேசைகள்தோறும் அமர்ந்து அல்சைமர் விளக்குவாராம். மாலையில் ஒவ்வொரு நுண்ணோக்கியின் அருகிலும் அவர் விட்டுச் சென்ற சுருட்டுத் துண்டு கிடக்குமாம்.

1912இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகப் பேராசிரியராகச் செல்லும் வழியில் நோயுற்றார். உடல் தேறவேயில்லை. 1915 டிசம்பர் 19ஆம் நாள் மறைந்தார். வயது 51, ஆகுஸ்தே மருத்துவமனைக்கு வந்தபோது இருந்த அதே வயது. பிராங்பர்ட்டில் மனைவியின் அருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

கலந்து கிடக்கும் நோய்கள்

1990களில் ஆகுஸ்தேயின் குறிப்பேடும் மூளைச் சீவல்களும் மீண்டும் கிடைத்தன. அல்சைமர் கண்ட இரண்டும் அவற்றில் அப்படியே இருந்தன. திட்டுகள் அமிலாய்டு என்னும் புரதம்; சிக்கல்கள் டௌ என்னும் புரதம்; லெவி உருண்டைகள் ஆல்பா சைனூக்ளின் என்னும் புரதம் என்பது 1984 முதல் 1997 வரை ஒவ்வொன்றாகத் தெளிவாயிற்று. 2006இல் டிடிபி-43 என்ற மற்றொரு புரதமும் இவ்வரிசையில் சேர்ந்தது.

இறந்தபின் முதியோரின் மூளைகளை ஆராய்ந்தபோது இன்னோர் உண்மை வெளிப்பட்டது. முதிர்ந்த வயதில் மறதி நோயுடன் இறந்தவர்களில் பலருக்கு ஒரு நோய் மட்டும் இல்லை. திட்டும் சிக்கலும் இருந்த மூளையிலேயே லெவி உருண்டைகளும், இரத்தக் குழாய் அடைப்பால் வந்த சிறு புண்களும் இருந்தன. தங்கள் மூளையை ஆய்வுக்கு அளித்த அமெரிக்கக் கன்னியாஸ்திரிகளைப் பற்றி 1997இல் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. திட்டும் சிக்கலும் இருந்தவர்களில், சிறு அடைப்புகளும் சேர்ந்திருந்தவர்களே அதிகமாக நினைவிழந்திருந்தார்கள்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். அமிலாய்டு திட்டுகளை அகற்றும் லெக்கனெமாப் என்ற மருந்து 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றது. அது நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கிறது, நிறுத்திவிடவில்லை. மூன்று கள்வர் புகுந்த வீட்டில் ஒருவனை மட்டும் பிடித்தால் போதுமா? அதே வேளையில் ஒரு நம்பிக்கையும் உண்டு. இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் அடக்கி வைத்தால் ஒரு கள்வனுக்காவது கதவை அடைக்கலாம். உலகில் 5½ கோடிக்கு மேற்பட்டோர் மறதி நோயால் வாடும் இந்நாளில் இது சிறிய செய்தியன்று.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் பாட்டிக்கு முதலில் பக்கவாதம் வந்தது. பின்பு எங்கள் முகங்களும் மறந்துபோயின. வாதத்தால் வந்தது என்றார் மாமா. வயதால் வந்தது என்றார் அப்பா. இருவரும் கடைசிவரை வாதாடினார்கள். இரண்டும் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று சொல்ல அன்று யாருமில்லை. இரத்தக் கொதிப்பு மாத்திரையை விடாமல் கொடுங்கள் என்று சொல்லவும் யாருமில்லை. படித்தவன் வீட்டில் ஒருவன் இருந்தால் இனி அதைச் சொல்லலாம் அல்லவா? ஆகுஸ்தேயின் அருகே பொறுமையோடு அமர்ந்து கேட்ட அந்த மருத்துவரைப் போல, நம் வீட்டு முதியவரின் அருகே நாமும் சற்று அமர்வோம். மறதியை ஆராய்ந்தவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.