முதல் ஜனாதிபதி மர்ஹூம் யூசுப் பின் இஸ்ஹாக் அவர்கள்

ஆகஸ்டு 9-ந் தேதி நம் கடை வாசல்களில் கொடி கட்டுகிறோம். மூன்றே நாள் கழித்து, 12-ந் தேதி, இந்நாட்டின் முதல் ஜனாதிபதி மர்ஹூம் யூசுப் பின் இஸ்ஹாக் அவர்களின் பிறந்த நாள் வருகிறது. அதை நினைப்பவர் மிகச் சிலர். காலை முதல் இரவு வரை கல்லாவில் அன்னாரின் முகத்தைத்தான் எண்ணி எண்ணி வைக்கிறோம். நோட்டில் இருப்பவர் யார் என்று கடைப் பையனைக் கேட்டால் விழிக்கிறான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். ஆகவே அன்னாருடைய சரித்திரத்தைச் சுருக்கமாக இங்கே தருகிறேன்.

1910-ம் வருடம் ஆகஸ்டு 12-ந் தேதி, பேராக் மாநிலத்தில் தெரோங்கை அடுத்த பாடாங் காஜா என்ற கம்பத்தில் பிறந்தார்கள். தகப்பனார் இஸ்ஹாக் பின் அஹ்மது அவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர். மீன்பிடி இலாகாவில் பெரிய பதவி வரை உயர்ந்தவர். தந்தை வழியில் சுமத்திராவின் மீனாங்கபாவ் வமிசம், தாய் வழியில் லங்காட். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர் இவர். தைப்பிங்கில் படித்துக்கொண்டிருந்தவர் 1923-ல் குடும்பத்தோடு சிங்கப்பூர் வந்து, விக்டோரியா பிரிட்ஜ் பள்ளியிலும் பிறகு ராபிள்ஸ் கல்விக்கூடத்திலும் சேர்ந்தார். விளையாட்டில் வெகு கெட்டிக்காரர். 1933-ல் பளு தூக்குவதில் சாம்பியன் பட்டம் பெற்றார். நோட்டில் சாந்தமாக இருக்கும் அந்த முகத்தைப் பார்த்து, இவர் குத்துச்சண்டைக்காரரும்கூட என்று யார் சொல்வார்?

சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு விளையாட்டுப் பத்திரிகை நடத்திப் பார்த்த பிறகு, 1932-ல் வார்த்தா மலாயா பத்திரிகையில் வேலைக்கு அமர்ந்தார். இங்கே நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கதி உண்டு. அக்காலத்தில் மலாய்ப் பத்திரிகைகள் பல அரபு முதலாளிகள் கையிலும் இந்திய முஸ்லிம்கள் கையிலும் இருந்தன. 1876-ல் இவ்வூரில் தொடங்கிய முதல் மலாய்ப் பத்திரிகையான ஜாவி பெரானக்கானையே நம் வழியில் வந்த ஜாவி பெரானக்கான் சமூகத்தார்தான் நடத்தினார்கள். தங்கள் ஜனங்களுடைய பத்திரிகை தங்கள் ஜனங்களின் சொந்தப் பணத்தில் நடக்க வேண்டும் என்று மலாய் வாலிபர்கள் விரும்பினார்கள். அதில் நமக்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. பிறர் கடையில் எத்தனை காலம் கணக்கெழுதினாலும் சொந்தக் கடை வைக்க வேண்டும் என்ற ஆசை நமக்கு இல்லையா?

அந்த ஆசைக்கு முதல் வேண்டுமே! பங்கு விற்கக் கிளம்பினார்கள். யூசுப் அவர்களும் கூட்டாளிகளும் கம்பம் கம்பமாகப் போனார்கள். டாக்சி ஓட்டுபவர், தெருவில் கூவி விற்பவர், குடியானவர் எல்லோரும் சேமித்து வைத்ததைக் கொடுத்தார்கள். பெரிய முதலாளி ஒருவரிடம் ஒரே காசோலையாக வாங்கியிருந்தால் வேலை சுலபம். ஏழையின் பணமோ அமானிதம். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அப்படிச் சேர்ந்த பணத்தில் 1939-ம் வருடம் மே 29-ந் தேதி உத்துசான் மெலாயு பத்திரிகை வெளிவந்தது. அப்துல் ரஹீம் கஜாய் ஆசிரியர். நிர்வாகம் யூசுப் அவர்கள் பொறுப்பு. எழுத்து ஜாவி. மத்ரஸாவில் அலிஃப், பே படித்த நம் பெரியவர்கள் அதைக் கூட்டி வாசித்துவிடுவார்கள். அர்த்தம்தான் பக்கத்துக் கடை மலாய்க்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்!

மூன்று வருடம் முடியுமுன் ஜப்பான்காரன் வந்துவிட்டான். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. உத்துசானின் அச்சு இயந்திரங்கள் ஜப்பானியரின் பெரித்தா மலாய் பத்திரிகைக்குப் போயின. ஏழைகளின் பணத்தில் வாங்கிய சொத்து ஒரே நாளில் பறிபோயிற்று. யூசுப் அவர்கள் தைப்பிங்குக்குத் திரும்பிப் போய் என்ன செய்தார் தெரியுமா? பலசரக்குக் கடை வைத்தார். பின்னாளில் இஸ்தானாவில் அமர்ந்தவர், யுத்த காலத்தில் நம்மைப் போல் தராசு பிடித்தவர்தான். அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் எதுவும் கிடைக்காத காலம். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு இன்று ஒரு விலை, நாளை ஒரு விலை என்று தேய்ந்துகொண்டே போன காலம். அந்தக் காலத்தில் கடை நடத்துவது என்ன பாடு என்பதை நம் வாப்பாமார் வாயால் கேட்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1945-ல் யுத்தம் முடிந்ததும் சிங்கப்பூர் வந்து பத்திரிகையை மறுபடி எழுப்பினார். ஆபீஸ் செசில் ஸ்திரீட்டில் இருந்தது. நம் சூலியா ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். 1949-ல் பினாங்கைச் சேர்ந்த நூர் ஆயிஷா அவர்களை நிக்காஹ் செய்துகொண்டார். லீ குவான் யூ என்ற இளம் வக்கீல் பிறகு பத்திரிகையின் சட்ட ஆலோசகராக இருந்தார். மலாயா சுதந்திரம் பெற்ற பின் 1958-ல் உத்துசான் கோலாலம்பூருக்கு மாறிற்று. அரசியல் கட்சியின் கை பத்திரிகைக்குள் நீண்டது. சொந்தக் கையால் கட்டியதை விட்டு வெளியேறுவது எந்த வியாபாரிக்கும் பெரிய சோதனை. இருபது வருட உழைப்பு! 1959-ல் தம் பங்கை விற்று, வேலையை விட்டுச் சிங்கப்பூர் திரும்பினார். உள்ளே இருந்துகொண்டே போராடியிருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தில், பெயர்ப் பலகை மட்டும் தம்முடையதாக இருக்கும் கடையில் உட்கார அவருக்கு மனம் வரவில்லை.

அந்த வருடமே சிங்கப்பூர் சுயாட்சி பெற்றது. முன்னாள் வக்கீல் இப்போது பிரதம மந்திரி. அவருடைய சர்க்கார் யூசுப் அவர்களை யாங் டி பெர்துவான் நெகாரா, அதாவது நாட்டின் தலைவர் ஆக்கிற்று. 1959 டிசம்பர் 3-ந் தேதி சிட்டி ஹாலில் பதவியேற்பு. வெள்ளைக்கார கவர்னர் இருந்த இடத்தில் முதன்முதலாக இம்மண்ணுக்கு உரிய ஒருவர். பிறையும் ஐந்து நட்சத்திரமும் கொண்ட கொடியும், சுபைர் சயீது அவர்கள் இசையமைத்த தேசிய கீதமும், ராஜ்ய சின்னமும் அன்றுதான் ஜனங்களுக்கு அறிமுகமாயின. ஆகஸ்டு 9-ஐக் கொண்டாடும் நாம் டிசம்பர் 3-ஐ மறந்துவிட்டோம் என்பது என் மனக்குறை. இன்று நாம் ஏற்றும் கொடிக்கு வயது அன்றிலிருந்துதான் தொடங்குகிறது.

இஸ்தானா மாளிகைக்குள் குடும்பம் வசிக்கவில்லை. பிள்ளைகள் ஆடம்பரத்தில் வளரக் கூடாதென்று அந்தத் தோட்டத்திலேயே ஸ்ரீ மெலாத்தி என்ற சிறிய வீட்டில் இருந்தார்கள். ஆர்க்கிட் செடி வளர்ப்பதில் அவருக்குத் தனிப் பிரியம்.

மலாய்க்காரருக்காகவே பத்திரிகை நடத்தியவர் இனி சீனருக்கும் தமிழருக்கும் எல்லோருக்கும் பொதுவானவர். இந்த மாற்றம் எளிதல்ல. 1964 ஜூலை 21-ந் தேதி, நபிகள் நாயகம் பிறந்த நாள் ஊர்வலத்தன்று மூண்ட கலகத்தில் 23 பேர் மாண்டார்கள், 454 பேர் காயம்பட்டார்கள். கடைகள் நாட்கணக்கில் அடைபட்டன. செப்டம்பரில் மறுபடியும் கலகம். மலாய்க்காரரான தலைவர் ஒரு வார்த்தை பிசகிப் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! இனம் பாராமல் எல்லோரையும் அணுகி நம்பிக்கையூட்டும் வேலையை அவர் அமைதியாகச் செய்துவந்தார்.

பிறகு 1965 ஆகஸ்டு 9, திங்கட்கிழமை. மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த செய்தி வானொலியில் வந்தது. யூசுப் அவர்களுக்கு அது வெறும் ராஜாங்கச் செய்தியா? அவர் பிறந்த மண் அக்கரையில். தம்பி அஜீஸ் இஸ்ஹாக் மலாயாவில் விவசாய மந்திரியாக இருந்தவர். இன்னொரு தம்பி ரஹீம் இஸ்ஹாக் சிங்கப்பூர் அரசியலில். ஒரே குடும்பத்தின் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. பினாங்கில் ஒரு கடை, சிங்கப்பூரில் ஒரு கடை என்று அண்ணன் தம்பி பிரிந்திருந்த நம் குடும்பங்களுக்கு இந்த வேதனை நன்றாகத் தெரியும். அந்த டிசம்பர் 22-ந் தேதி இயற்றிய சட்டப்படி, ஆகஸ்டு 9 முதலே அவர் சிங்கப்பூர்க் குடியரசின் ஜனாதிபதி ஆனார். அன்றே இயற்றிய இன்னொரு சட்டத்தில்தான் மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் ஆட்சிமொழி என்று எழுதப்பட்டது. ஜனத்தொகையில் நாம் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

1967 ஜூன் 12-ந் தேதி சிங்கப்பூர் தன் சொந்த நாணயத்தை வெளியிட்டது. அந்த முதல் நோட்டுகளில் ஆர்க்கிட் மலர் இருந்தது. ஜனாதிபதிக்குப் பிரியமான மலர் என்பதால் அல்ல, ஆனாலும் பொருத்தம்தான்.

கடைசி வருடங்களில் இதய நோயால் கஷ்டப்பட்டார். கணவர் போக முடியாத காரியங்களுக்கு நூர் ஆயிஷா அம்மையார் போய் வந்தார். 1970 நவம்பர் 23-ந் தேதி, பதவியில் இருக்கும்போதே, 60-ம் வயதில் வபாத்தானார்கள். கிராஞ்சியில் நல்லடக்கம் நடந்தது. நோட்டில் அவர் முகம் வந்தது 29 வருடம் கழித்து, 1999-ல். உட்லண்ட்ஸில் 2017-ல் திறந்த பள்ளிவாசலுக்கும் யூசுப் இஸ்ஹாக் என்றே பெயர். 26 வயதில் நாட்டுத் தலைவரின் துணைவியாகி, வயது வந்த பின் ஆங்கிலம் கற்று, இஸ்தானா சமையலறையில் நம் நாட்டுப் பலகாரங்களுக்கு இடம் தேடிக் கொடுத்த நூர் ஆயிஷா அம்மையார் 2025 ஏப்ரலில் 91-ம் வயதில் மறைந்தார்.