தோற்ற இடத்திலேயே தளபதியான டிலனாய்

தக்கலை பீர் முஹம்மது அப்பா தர்காவுக்கு ஜியாரத் வரும் நாம், பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் எட்டிப் பார்ப்பது அபூர்வம். அங்கே ஒரு தளபதி அடங்கியிருக்கிறார்.

யூஸ்தாக்கியஸ் டிலனாய் டச்சுக் கம்பெனிப் படையில் வந்தவர். மிளகு வணிகத்துக்காக மூண்ட சண்டை அது. வேணாட்டு அரண்மனை இருந்த இரணியலுக்கு அதிக தூரமில்லாத குளச்சலில் 1741இல் முற்றுகையில் சிக்கி, மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடைந்தார்.

அந்த ஒரு போரை வைத்து அளந்தால் அவர் தோற்றவர்தான். ஆனால் மன்னர் கைதியிடமே தன் படையை ஒப்படைத்தார். அந்தத் துணிச்சலுக்கான பாராட்டு மன்னருக்கே என்போம். துப்பாக்கி, பீரங்கிப் பயிற்சி தந்து சாமானிய வீரர்களைப் படையாக்கினார் டிலனாய். ஜனங்கள் அவரை வலிய கப்பித்தான் என்றார்கள். அந்தப் படையால் காயங்குளம் போன்ற சிறு நாடுகள் அழிந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வடக்கே அவர் பலப்படுத்திய நெடுங்கோட்டை, 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலைத் தாங்கியது. மறு ஆண்டு உடைந்தது. அதைக் காண அவர் இல்லை, 1777இலேயே இறந்துவிட்டார். கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது. அருகிலேயே, 1765இல் களக்காட்டுப் போரில் மாண்ட அவர் மகனும் அடங்கியிருக்கிறார்.