காசநோய்க்கு மருந்து தேடிய மாட்டு டாக்டர்

உங்கள் குழந்தையின் இடது தோளைப் பாருங்கள். சிறிய வட்டத் தழும்பு ஒன்று இருக்கும். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு அது.

"பி" என்றால் கிருமி. "சி" என்பது கால்மெட். "ஜி" என்பது கெரென். இருவரும் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள். கால்மெட் மனிதர்களுக்கு டாக்டர். கெரென் மாட்டு டாக்டர்!

தகப்பனை இழந்த சிறுவன்

கமீல் கெரென் 1872ல் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். 1882ல் அவருடைய தகப்பனார் காசநோயால் இறந்தார். அப்போது சிறுவனுக்கு வயது 9.

வளர்ந்ததும் பாரிசுக்கு அருகே அல்போர் என்ற ஊரில் கால்நடை வைத்தியம் படித்தார். அங்கே நொக்கார் என்ற பேராசிரியர் இருந்தார். அவரும் மாட்டு டாக்டர்தான். ஆனால் கிருமி ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். மாணவனாக இருக்கும்போதே கெரெனைத் தம் உதவியாளராக வைத்துக்கொண்டு, வேலை பழக்கினார். அப்படி ஓர் ஆசிரியர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

1897ல் கெரென் லீல் நகரில் உள்ள பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் கால்மெட்டிடம் சேர்ந்தார். பாம்பு விஷத்துக்கு மருந்து தயாரிப்பதும், அம்மைப்பால் தயாரிப்பதும் அவருக்குக் கிடைத்த முதல் வேலை.

உருளைக்கிழங்கும் பித்தநீரும்

1902ல், நோயுற்ற ஒரு பசுவின் பாலில் இருந்து காசநோய்க் கிருமியைப் பிரித்து எடுத்தார் நொக்கார். மறு ஆண்டே அவர் மறைந்தார். அந்தக் கிருமியைத்தான் மாணவர் கையில் எடுத்தார்.

கிருமிகள் கட்டி கட்டியாகத் திரண்டு தொல்லை கொடுத்தன. அதைத் தவிர்க்க, உருளைக்கிழங்குடன் மாட்டுப் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்து அதில் வளர்த்தார்கள். எதிர்பாராத ஓர் அதிசயம் நடந்தது. கிருமியின் விஷம் மெல்ல மெல்லக் குறைந்தது!

1908 முதல் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கிருமியைப் புதிய கிழங்குக்கு மாற்றினார்கள். இப்படி 13 ஆண்டுகளில் 230 தடவை! நடுவே உலகப் போர் வந்தது. லீல் நகரம் ஜெர்மானியர் வசமாயிற்று. உருளைக்கிழங்கு விலை ஏறியது. சோதனைக்கு மாடு கிடைக்கவில்லை. வேலை நிற்கவில்லை. 1918ல் கெரெனின் மனைவியும் காசநோயால் இறந்தார். மருந்து இன்னும் தயாராகவில்லை.

1921ல் பாரிசில் ஒரு பச்சைக் குழந்தைக்கு முதன்முதலாக அது வாய்வழியே கொடுக்கப்பட்டது. தாய் காசநோயால் இறந்துவிட்டாள். வளர்க்க வேண்டிய பாட்டிக்கும் அதே நோய். குழந்தை நோயின்றி வளர்ந்தது.

பெரும் சோதனை

1930ல் ஜெர்மனியில் லூபெக் நகரில் மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளில் 70க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பழி பி.சி.ஜி. மீது விழுந்தது. அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் கொடிய கிருமி கலந்துவிட்டதே காரணம் என்று பிறகு தெரிந்தது. கால்மெட் 1933ல் காலமானார். கெரென் தனியாக வேலையைத் தொடர்ந்தார்.

பெரியவர்களின் நுரையீரல் நோயை இந்த ஊசி சரிவரத் தடுப்பதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968ல் தொடங்கிய பெரிய சோதனையில் அது தெரியவந்தது. ஆனால் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய காசநோயை இது தடுக்கிறது.

1948ல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. அதே ஆண்டில், முதலாவது சர்வதேச பி.சி.ஜி. மாநாட்டுக்குத் தலைமை வகித்தார் கெரென். 1961 ஜூன் 9ந் தேதி பாரிசில் காலமானார். அப்போது அவருக்கு வயது 88.